காத்தாடிக்கு நிலம் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கேள்வி:

"ஐயா, எங்கள் ஊர் கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். மாமனாருக்கு அவர் அப்பா வழியில் வந்த ஆறு ஏக்கர் நாற்பது சென்ட் புஞ்சை இருக்கிறது. மாமனார் இப்போது இல்லை. பட்டா என் கணவர் பேரிலும் அவருடைய இரண்டு அண்ணன்மார் பேரிலும் கூட்டாக இருக்கிறது. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நானும் என் அத்தையும்தான் உளுந்து, பாசி, சோளம் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஊரில் இருபது காற்றாலைக் காத்தாடி நிறுத்தப்போவதாகச் சொல்லி ஒரு கம்பெனி எங்களிடம் மூன்று ஏக்கர் கேட்கிறது. காலனித் தெருவுக்கும் அந்த இடத்துக்கும் முந்நூற்றைம்பது மீட்டர் இருக்கும். ஊருக்கு மேற்கே பன்னிரண்டு ஏக்கரில் ஐம்பது கன்டெய்னரில் பேட்டரி வைக்கப்போகிறார்களாம். அங்கிருந்து அங்கன்வாடி நானூறு மீட்டர்தான். தரகர் எங்களுக்கு மாமா முறை. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, 'முதலில் பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்' என்கிறார். பேட்டரி வெடிக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். காத்தாடி வந்தால் மழை ஓடிவிடும் என்கிறார் அத்தை. நாங்கள் என்ன செய்வது?"

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஐம்பதாயிரத்தை இன்னும் தொடவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். எதற்காக வாங்கினோம் என்று ஒரு வரிகூட எழுதாத பணம் அது. கேட்டால் மறுநாளே திருப்பிக் கொடுக்கும்படி இருக்க வேண்டும். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நான் காற்றாலைக்கு எதிரி இல்லை. 1994-இல் ஆரல்வாய்மொழியில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து முப்பது வருடம் இந்தத் தொழிலில்தான் சாப்பிட்டேன். நிலக்கரி எரிக்காமல் வரும் மின்சாரம் நமக்கு வேண்டும் என்று மனதார நம்புகிறேன். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் உங்கள் மாவட்டத்தில்தான், தூத்துக்குடி முள்ளக்காட்டில்தான் வந்தது. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் உங்கள் கயத்தாறிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் காற்றாலை வரலாமா கூடாதா என்று நான் விவாதிக்கப்போவதில்லை. எந்த நிபந்தனையில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையோ அனல்மின் நிலையமோ வருகிறது என்று வையுங்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டாக வேண்டும். காற்றாலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் வகைப்பாட்டில் அது 'வெள்ளை' வகை, அதாவது மாசே இல்லாத தொழில். புகையையும் கழிவையும் மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அதன் விளைவு என்ன? இருபது காத்தாடி வந்தாலும் இருநூறு வந்தாலும், ஆட்சியர் முன்னிலையில் பந்தல் போட்டு உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்க நினைப்பது, உங்களுக்குப் பயமாக இருப்பது, ஊருக்கு வேண்டியது எல்லாவற்றையும் பேச உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் கம்பெனியோடு எழுதும் நிலப் பத்திரம். அதனால்தான் 'முதலில் பவர், பிறகு பேச்சு' என்ற வரிசையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பவர் கையை விட்டுப் போன பிறகு பேச உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது.

பவர் என்பது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுப்பது. விற்கும் அதிகாரமும் அதில் இருந்தால், என்ன விலைக்கு, யாருக்கு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த பவரை நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்துவிடவும் முடியாது. தரகர் உங்களுக்கு மாமா முறை என்கிறீர்கள். அவர் மனசு நல்ல மனசாகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பவரை வைத்துப் பத்திரம் எழுதப்போவது அவருக்கும் முகம் தெரியாத ஒரு கம்பெனி.

அப்புறம், கையெழுத்து யார் யார் போட வேண்டும் என்பதையும் பாருங்கள். பட்டாவில் மூன்று பேர் இருப்பதால் மூன்று பேர் போதும் என்று நினைக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. சொத்துரிமை வேறு. தாத்தா வழியில் வந்த நிலம் என்பதால் உங்கள் அத்தைக்கும், கணவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் பங்கு இருக்கக்கூடும். அக்கா தங்கையின் உரிமை, தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுக்க 2005-லும் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்கள் பெண் மக்களுக்குக் கொடுத்தது. கம்பெனியின் வக்கீல் இதைக் கட்டாயம் கிளறுவார். கடைசி நேரத்தில் நாத்தனாரைத் தேடி ஓடி, 'ஒரு கையெழுத்துத்தானே' என்று கேட்டுக் குடும்பம் பிளந்த கதைகளைப் பணகுடிப் பக்கம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் இப்போதே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். முடிந்தால் பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிய பிறகு கம்பெனியிடம் போங்கள். ஆறு மாதம் தாமதம் ஆனாலும் பரவாயில்லை. ஆடிக் காற்று அடுத்த வருடமும் அடிக்கும்.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா? நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் இருந்து பெரும்பாலும் கிரயம்தான் நடந்தது. அன்றைக்குச் சம்சாரிகளுக்கு அது பெரிய பணமாகத் தெரிந்தது. என் ஆலோசனை குத்தகைதான், அதுவும் 25 அல்லது 30 வருடத்துக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குத்தகை எவ்வளவு கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கணக்கு தெரிந்தால் பேசும்போது குரல் தானாக நிமிரும். இப்போது நிறுத்தும் காத்தாடி ஒன்று சுமார் 3 மெகாவாட். அது வருடம் முழுக்க முழு வேகத்தில் சுற்றாது. ஆடியில் பேய்போலச் சுற்றும், மாசியில் நின்றுகொண்டிருக்கும். சராசரியாக 35 சதவீதம் என்று வைத்தால், 3 மெகாவாட்டை வருடத்தின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி அதில் 35 சதவீதம் எடுங்கள். கிட்டத்தட்ட 92 லட்சம் யூனிட் வரும். யூனிட் 3 ரூபாய் 50 காசுக்கு விற்றால் வருடத்துக்கு 3 கோடியே 20 லட்சம் ரூபாய். அதில் ஒரு சதவீதம் என்பது 3 லட்சத்து 20 ஆயிரம். கம்பெனிக்குக் கடன், வட்டி, பராமரிப்பு எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் வேறு, ஏக்கருக்கு இவ்வளவு என்று தரகர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர் வேறு. நிலையான குத்தகைத் தொகை ஒன்று வேண்டும், அது வருடா வருடம் ஐந்து சதவீதமாவது ஏற வேண்டும். இன்றைக்குப் பெரிதாகத் தெரியும் தொகை இருபதாவது வருடத்தில் டீச் செலவுக்குத்தான் காணும்.

இனி மழை விஷயம். உங்கள் அத்தை சொன்னதை யாரும் சிரித்துத் தள்ள வேண்டாம். கயத்தாறிலிருந்து விளாத்திகுளம் வரை இதையே நூறு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காத்தாடி மேகத்தைக் கலைப்பதில்லை. இறக்கையின் உச்சி இருநூறு மீட்டர் சொச்சம், மழை மேகம் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. காத்தாடி வேகமாகச் சுற்றும் ஆனி, ஆடி மாதங்களில் மழை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். உங்களுக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகைதான், அப்போது காத்தாடி பாதி நேரம் சும்மா நிற்கும். ஆனால் அத்தை கண்ணால் பார்த்த ஒன்று உண்மை. காத்தாடி வந்த ஊர்களில் கண்மாய் நிறையவில்லை. மழை பெய்கிறது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

காரணம் பாதை. எழுபது மீட்டர் நீள இறக்கை ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கோபுரத்தைத் தூக்கி நிறுத்த அறுநூறு, எழுநூறு டன் கிரேன் வர வேண்டும். கரிசலில் அது முடியுமா? ஒரு மழைக்கு மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கிவிடும். அதனால் சரளை கொட்டி, இரண்டடி மூன்றடி உயர்த்தி, அகலமாகப் பாதை போடுவார்கள். அந்தப் பாதை நிலத்தின் குறுக்கே ஓர் அணை மாதிரி நின்றுவிடுகிறது. ஓடை என்று நில அளவைப் புலப்படத்தில் கோடு போட்டிருக்கும் இடத்தில் பேருக்கு ஒரு குழாய் வைப்பார்கள். ஆனால் கரிசல் காட்டில் கண்மாய்க்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு அந்தக் கோட்டில் போவதில்லை. வரப்பு ஓரமாக, வண்டிப்பாதைப் பள்ளமாக, மேட்டில் இருந்து விரிந்து விரிந்து வரும். அது எந்த வரைபடத்திலும் இருக்காது.

1990-களின் கடைசியில் ராதாபுரம் பக்கம் ஒரு தளத்தில் நான் பொறியாளராக இருந்தேன். இரண்டு ஏக்கர் விற்றிருந்த ஒரு பெரியவருக்கு மீதி ஏழு ஏக்கர் எங்கள் பாதைக்கு மேல்புறம் இருந்தது. பாதைக்கு அடியில் மூன்று இடத்தில் சிறுபாலம் வேண்டும் என்று வரைபடத்தில் நானே குறித்திருந்தேன். செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது, இரண்டு பாலம் போயிற்று. பத்திரத்தில் பாலம் பற்றி ஒரு சொல் இல்லை, எனவே கேட்பாரும் இல்லை. அந்த வருடம் கார்த்திகையில் போனபோது, மிளகாய்ச் செடி முழங்கால் தண்ணீரில் நின்று அழுகிக்கொண்டிருந்தது. பாதைக்குக் கீழ்ப்புறம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் பாதையின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். சரளையும் செம்மண்ணும் ரோலரால் அமுக்கியது. மண்வெட்டி உள்ளேயே இறங்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே பாதை எங்கே போகிறது, எவ்வளவு உயரம், எந்தெந்த சர்வே நம்பரில் எத்தனை அடி அகலத்தில் சிறுபாலம் என்பது வரைபடமாகப் பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும். ஓடைப் புறம்போக்கையும் மேய்ச்சல் புறம்போக்கையும் மூடக் கூடாது என்று தனியாக எழுத வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் தேங்கிய இடங்களைக் கம்பெனி செலவில் சரிசெய்ய வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். புரட்டாசி விதைப்புக்கு முன் பாதை வேலையை முடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

காத்தாடி நிற்கும் தூரத்துக்கு வருவோம். மத்திய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சத்தத்தைக் கருதி எந்த வீட்டிலிருந்தும் 500 மீட்டருக்குள் காற்றாலை நிறுவக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. காலனித் தெருவிலிருந்து முந்நூற்றைம்பது மீட்டர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த இடம் அந்த நெறிக்கே பொருந்தவில்லை. நீங்கள் அடி எண்ணிச் சொன்னீர்களோ, கண்ணால் மதிப்பிட்டீர்களோ தெரியாது, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பழைய காத்தாடியை மனதில் வைத்துக்கொண்டு 'இவ்வளவு தூரம் போதாதா' என்று சிலர் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோபுரம் முப்பது மீட்டர். இன்றைக்கு இறக்கை உச்சி வரை 210 மீட்டர் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 192 அடி, அதைப் போல் மூன்றரை மடங்கு. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது இறக்கையின் நிழல் வீட்டுச் சுவரில் வெட்டி வெட்டி ஓடும். அந்த வீட்டில் இருந்து பார்க்காதவர்களுக்கு அந்தத் தொந்தரவு புரியாது. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தெருக்கோடி வீட்டு வாசலில் ஆடி மாத இரவில் அளந்து காட்ட வேண்டும் என்று கேளுங்கள். காலனி மக்கள் நிலம் கொடுக்கவில்லை, அவர்களுக்கு வாடகையும் கிடையாது. சத்தம் மட்டும் அவர்களுக்கு என்பது நியாயமே இல்லை. உங்கள் மூன்று ஏக்கரில் காத்தாடியின் அடித்தளத்தை இன்னும் தள்ளி வைக்க இடமிருந்தால் தள்ளச் சொல்லுங்கள். இல்லை என்றால், மனசு கஷ்டப்பட்டாலும் அந்த இடத்துக்கு 'வேண்டாம்' என்றுதான் சொல்வேன்.

பேட்டரி. உங்கள் கடிதத்தில் பயம் அதிகம் தெரிந்தது இதில்தான். இதுதான் புதியதும்கூட.

காத்தாடிக்குப் பக்கத்தில் பேட்டரி எதற்கு? காற்று அடிக்கும் நேரமும் நாம் மின்விசிறி போடும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. காற்று மிஞ்சிய நேரத்தில் லைன் தாங்காமல் காத்தாடியை நிறுத்தச் சொல்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது மின்சாரம் போதாது. மிஞ்சியதைப் பிடித்து வைத்து, போதாதபோது விடுவதுதான் பேட்டரியின் வேலை. ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில், ஆடு மேயும் கிராமப்புறத்தில், 99 காத்தாடிகளுக்குப் பக்கத்தில் 2017-இல் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். உலகமே அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் திரும்பியது. இங்கே விலைதான் தடையாக இருந்தது. 2022-இல் இந்தியாவின் முதல் பெரிய ஏலத்தில் ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாதக் கட்டணமாக 10 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது இரண்டு லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. உங்கள் ஊருக்கு இப்போது பேட்டரி வருவதற்குக் காரணம் அதுதான்.

இருபதடி கன்டெய்னர் ஒன்று இன்றைக்குச் சுமார் 5,000 யூனிட் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீடு என்றால், இருபத்தைந்து வீட்டுக்கு இரண்டு மாத மின்சாரம் ஒரே பெட்டிக்குள். எடை நாற்பது டன்னைத் தொடும். இவ்வளவையும் ஓர் இடத்தில் அடைத்து வைத்தால் ஆபத்தே இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஊரே எரிந்துவிடும் என்று சொல்கிறவரையும் நம்பாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தில் புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்துப் பலத்த காயம் அடைந்தார்கள். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், சோதனை ஓட்டத்திலேயே ஒரு பெட்டியில் குளிர்விக்கும் திரவம் கசிந்து தீப்பிடித்தது, பக்கத்துப் பெட்டிக்கும் பரவியது. நான்கு நாள் ஆயிற்று முழுதாக அடங்க. யாருக்கும் காயமில்லை. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் நடந்தது பெரிய தீ. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அங்கே பேட்டரிகள் பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்றுக்குள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்தன. அவை நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. சூடு ஏறினால் சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து நீங்கள் கேட்க வேண்டியவை தானாக வருகின்றன. பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா என்று கேளுங்கள். இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் அதுதான், ஒப்பீட்டில் பாதுகாப்பானது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் வைக்கக் கூடாது, திறந்த வெளியில் பெட்டி பெட்டியாக, ஒன்று எரிந்தால் அடுத்தது பற்றாத இடைவெளியில் வைக்க வேண்டும். யு.எல். 9540ஏ என்ற தீப்பரவல் சோதனையின் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெயரை நீங்கள் சொன்னாலே எதிரில் இருப்பவர் உட்காரும் விதம் மாறும். பேட்டரி தீயைத் தண்ணீர் ஊற்றி அணைப்பது கடினம். பக்கத்துப் பெட்டிகளைக் குளிர்வித்துக்கொண்டு எரிகிறதை எரிய விடுவதுதான் பெரும்பாலும் வழி. அதனால் வளாகத்துக்குள் தண்ணீர்த் தொட்டி வேண்டும். ஊற்றிய தண்ணீர் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ ஓடாமல் தேக்கி வைக்கும் குழியும் வேண்டும். வருடம் ஒரு முறை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தாருக்குப் பயிற்சி தர வேண்டும். கதவைத் திறக்கலாமா கூடாதா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிசோனாவில் காயம்பட்டவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள்தான், அந்தப் பெட்டியைப் பற்றி அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

இடம் பற்றி எனக்கு ஒரு திட்டவட்டமான கருத்து உண்டு. ஊருக்கு மேற்கே வைப்பது தவறு. வைகாசியில் இருந்து புரட்டாசி வரை உங்களுக்குக் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. பேட்டரி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற, மூச்சுக்குழலை அரிக்கும் வாயு இருக்கும். அது நேராக அங்கன்வாடிக்குத்தான் வரும். மழைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்குத் தெற்கே, அல்லது தென்கிழக்கே வைப்பதுதான் நல்லது. இந்த இரண்டு காற்றிலும் புகை ஊர்ப் பக்கம் வராது. கம்பெனிக்கு இது பெரிய செலவில்லை, கேபிள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மேற்கே நிலம் மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தீ அபூர்வம். ஆனால் பெட்டிகளைக் குளிர்விக்கும் விசிறிச் சத்தம் தினமும் இருக்கும், கோடையில் இரவு முழுக்க இருக்கும். அதற்காகவும் தள்ளி இருப்பது நல்லது.

பேட்டரி 12 முதல் 15 வருடத்தில் சோர்ந்துவிடும். 30 வருடக் குத்தகையில் ஒரு முறையாவது மொத்தத்தையும் மாற்றுவார்கள். பழைய பெட்டிகள் அதே இடத்தில் துருப்பிடித்துக் கிடக்கக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு வைத்திருக்கின்றன, ஆனால் தயாரிப்பாளரைத் தேடி நீங்கள் போக முடியாது. பழையதை இத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று நிலம் கொடுப்பவரின் பத்திரத்தில் இருக்கட்டும். காத்தாடிக்கும் அப்படித்தான். காலம் முடிந்தபின் கோபுரத்தை அகற்றி, அடித்தளக் கான்கிரீட்டை நிலமட்டத்துக்குக் கீழ் ஒன்றரை மீட்டராவது உடைத்து எடுத்து, கரிசல் மண்ணால் மூடித் தர வேண்டும், டிராக்டர் கலப்பை தடையில்லாமல் போகும் அளவுக்கு. அதற்கான பணம் பத்தாவது வருடத்தில் இருந்து வங்கி உத்தரவாதமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட திட்டம் ஒவ்வொன்றையும் ஒரு தனிக் கம்பெனி தொடங்கி அதன் பேரில்தான் நடத்துவார்கள். நடுவில் கைமாறும், சில சமயம் இரண்டு மூன்று முறை. முப்பதாவது வருடத்தில் உங்கள் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பான்? வாங்கும் எவரையும் இந்த நிபந்தனைகள் கட்டுப்படுத்தும் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

சட்டப்படி கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். நிதியில் பள்ளிக்கூடம் கட்டித் தருவோம், தண்ணீர்த் தொட்டி வைப்போம் என்று கூட்டத்தில் சொல்வார்கள். அந்தச் சட்டம் பெரிய லாபமோ, பெரிய வருமானமோ, பெரிய சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். இப்போது தொடங்கிய தனிக் கம்பெனிக்குப் பல வருடம் பொருந்தாமலே போகலாம். வாய்ச்சொல்லாக விடாமல் ஊராட்சிக்கென்று ஒரு தொகையை ஒப்பந்தமாகவே கேளுங்கள். ஸ்காட்லாந்தில் காற்றாலை வரும் ஊருக்கு ஒரு மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண்டு என்று அரசே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. நமக்கு அப்படி இல்லை, ஆனால் கேட்பதற்குத் தடையும் இல்லை. ஊராட்சிக்கு இதெல்லாம் தெரியுமா என்று நினைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி, 1 கோடியே 55 லட்ச ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாகவே வாங்கியது. தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி முதலாளியாகவே ஆகும்போது, பங்கு கேட்பது பெரிய காரியமில்லை.

இன்னொன்று லைன். காத்தாடியில் இருந்து சப்ஸ்டேஷனுக்குப் போகும் கம்பிகள் நிலம் கொடுக்காதவர்கள் காட்டுக்கு மேலே போகும். சண்டை பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கிறது. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள உயர் மின்கோபுர லைன்களுக்கு, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் தரலாம் என்று மத்திய அரசு 2024 ஜூனில் வழிகாட்டியது. அதை ஏற்பது மாநிலத்தின் கையில். எப்படி இருந்தாலும் அந்த எண்கள் பேச்சைத் தொடங்க உதவும்.

இவ்வளவையும் தனியாக நீங்கள் கேட்டால், 'இந்த வீடு தகராறு, பக்கத்து நிலத்துக்குப் போவோம்' என்று போய்விடுவார்கள். அதுதான் நடக்கும், நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். நிலம் கேட்கப்பட்ட எல்லாக் குடும்பமும் ஒரே நாளில், ஒரே வக்கீலை வைத்து, ஒரே மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்யுங்கள். காலனியில் இருந்து இரண்டு பேராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். வக்கீல் கட்டணத்தைக் கம்பெனி தர வேண்டும் என்று கேட்பது வழக்கத்துக்கு விரோதமில்லை, ஆனால் வக்கீல் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் பாதை, ஓடை, பேட்டரி இருக்கும் திசை, 500 மீட்டர் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்துக்குத் திட்டத்தை நிறுத்தும் பலம் இல்லாமல் போகலாம். ஆனால் கடன் கொடுக்கும் வங்கிகள், ஊரில் தகராறு உண்டா என்று விசாரிக்கத்தான் செய்கின்றன.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் தெரிந்தது. 'குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கு மாமா, நாத்தனாரும் வரணும், பத்திர நகலைக் கொடுங்க, வக்கீலிடம் காட்டிட்டுச் சொல்றோம்' என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, யாரையும் புண்படுத்தவும் செய்யாது. நகல் தரத் தயங்கினால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சர்வே நம்பருக்கும் சுற்றியுள்ள நம்பர்களுக்கும் புலப்பட நகல் வாங்கிக்கொண்டு, அத்தையைக் காட்டுக்கு அழைத்துப் போங்கள். பெருமழையில் தண்ணீர் எந்த மூலையில் நுழைந்து, எந்த வரப்பை உடைத்து, எந்தப் பள்ளம் வழியாகக் கண்மாய்க்குப் போகும் என்று அவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீல மையில் அந்தப் படத்திலேயே வரைந்துவிடுங்கள். கம்பெனியின் பத்திர நகலையும் அந்தப் படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பாலம் எங்கெங்கே வேண்டும் என்று நான் குறித்துத் தருகிறேன்.